வேறு யாரைத் திட்டுவது?

தம்பி, உங்கள் கேள்வி வந்து மூன்று நாளாகிறது. படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறீர்கள். பதினாறு வருடம் ஒருவரோடு கூட்டாகத் தொழில் செய்தீர்கள். அவர் கணக்கில் கை வைத்தார், வாடிக்கையாளர்களையும் இழுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார், கடன் உங்கள் தலையில் விழுந்தது. அடுத்த வருடமே உங்கள் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மனிதர் புதுக் கார் வாங்கினார். ஒரு கோயிலில் உபயம் செய்து, மாலை மரியாதையோடு நின்றதை நீங்களே பார்த்தீர்கள். "பதினோரு வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவன் நான். முருகன் யார் பக்கம் அக்கா?" என்று கேட்கிறீர்கள். ஆறு மாதமாக வீட்டில் விளக்கு ஏற்றவில்லை, கும்பிட நின்றால் கோபம்தான் வருகிறது, இது பாவமா என்கிறீர்கள். வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி.

பாவம் இல்லை. இன்றைக்கு இரவு நீங்கள் தூங்க வேண்டும் என்பதற்காக அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தருகிறேன். என் கணவருக்கு ஏழு வருடம் டயாலிசிஸ் நடந்தது. அந்தப் பாதை எனக்குத் தெரியும் என்பதால்தான் உங்களுக்கு எழுதத் துணிகிறேன்.

முதலில் ஒன்று, மனம் நோக வேண்டாம். நீங்கள் எழுதியதில் அந்தக் கூட்டாளியைப் பற்றிப் பத்தொன்பது வரி இருக்கிறது. அவருடைய கார், வீடு, மகனை வெளிநாட்டில் படிக்க வைப்பது, கழுத்தில் விழுந்த மாலை, எல்லாம் இருக்கிறது. மனைவியைப் பற்றி நான்கு வரிதான். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். துக்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம் என்று இருக்கும்போது கோபத்தைத்தான் பேச முடிகிறது. துக்கத்தைப் பேச ஆரம்பித்தால் உடைந்துவிடுவோம் என்று பயம்.

வள்ளுவர் உங்கள் கேள்வியை அப்படியே ஒரு குறளாக எழுதி வைத்திருக்கிறார். "அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்." கோணல் மனம் உள்ளவன் செழிக்கிறான், நேர்மையானவன் கெடுகிறான், இது யோசிக்க வேண்டிய விஷயம். அவ்வளவுதான் சொல்கிறார், காரணம் சொல்லவில்லை. பரிமேலழகர் வந்து, இதற்குக் காரணமான பழவினை எது என்று அறிவுடையவர்கள் ஆராய்வார்கள் என்று உரை எழுதினார். ஆனால் வள்ளுவர் வாயில் பழவினை என்ற சொல்லே இந்த இடத்தில் வரவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். ஊழ் என்று தனியாக ஓர் அதிகாரமே வைத்திருக்கிறவர், இந்தக் குறளை அங்கே வைக்கவில்லை. அழுக்காறாமையில், அதாவது பொறாமை கூடாது என்கிற அதிகாரத்தில், ஒன்பதாவது குறளாக வைத்தார். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. டயாலிசிஸ் நிலையத்தில் நாற்காலி பக்கத்தில் நான்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் உறைத்தது. அடுத்தவன் செழிப்பைப் பார்த்து 'ஏன்' என்று கேட்கிற கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் அசந்தால் அது நம் கண்ணை நம் வீட்டிலிருந்து எடுத்து அவன் வீட்டு வாசலில் வைத்துவிடும். வள்ளுவர் கேள்வியையும் தடுக்கவில்லை, அது எந்த இடத்தில் முளைக்கிறது என்பதையும் காட்டிவிட்டார்.

சரி, வினை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெரியம்மா மருத்துவமனைக்கே வந்து, உங்கள் மனைவி காதுபட, "போன பிறவியில் என்ன செய்தாளோ" என்றாராம். எனக்கும் ஒருவர் அப்படிச் சொன்னார். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், வினைக் கொள்கையை நம்புகிறவள். நம்புகிறவளாகவே சொல்கிறேன், அதை எடுத்து அடுத்தவர் தலையில் போடுவது சைவம் கிடையாது.

அப்பர் சுவாமிகளுக்குச் சூலை நோய் வந்ததே, அந்தக் கதையைப் பாருங்கள். வயிற்றுக்குள் முறுக்கிய வலியோடு அவர் திருவதிகையில் பாடிய முதல் வரி, "கூற்றாயின வாறு விலக்ககிலீர் கொடுமைபல செய்தன நானறியேன்." எமனைப் போல என்னை வதைக்கிற இதை விலக்க மாட்டேன் என்கிறீர், நான் என்ன கொடுமையெல்லாம் செய்தேனோ, எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்கிறார் பாருங்கள். தன்னைப் பற்றியே அவருக்குத் தெரியாது. உங்கள் பெரியம்மாவுக்கு உங்கள் மனைவியைப் பற்றி எப்படித் தெரியும்? அதைவிட என் மனதில் நிற்கிறவர் அவருடைய அக்கா திலகவதியார். மணக்க நிச்சயித்தவர் போரில் இறந்தார், பெற்றோரும் போய்விட்டார்கள், தம்பிக்காகவே உயிரை வைத்திருந்தவர். அந்தத் தம்பி சைவத்தை விட்டுச் சமணத்துக்குப் போய்விட்டு, வலி தாங்காமல் ஒரு நாள் வந்து காலில் விழுகிறார். "அன்றைக்கே சொன்னேனே, போனாய் அல்லவா, அனுபவி" என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. திருநீற்றைக் கொடுத்தார், கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனார். நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் இதற்கு மேல் ஒன்றும் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை.

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழ் எடுத்துக் கார் வாங்குவது இந்த ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத் தெரியும், அதனால்தான் அது கண்ணை உறுத்துகிறது. "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" என்று இன்னொரு குறள். பல்லக்கைச் சுமக்கிறவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் காட்டி, 'இதுதான் அறத்தின் பயன்' என்று சொல்ல வேண்டாம். பரிமேலழகர் இதை வேறு மாதிரி எடுத்தார், வாயால் சொல்லவே வேண்டாம், பார்த்தாலே விளங்கும் என்று. அவர் உரையை வணங்குகிறேன், ஆனால் இந்த இடத்தில் என் மனம் ஒட்டவில்லை. ஏறிப் போகிறவன் புண்ணியவான், சுமக்கிறவன் பாவி என்று வள்ளுவர் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டாளியின் கார் முருகன் போட்ட கையெழுத்து என்று நீங்கள் எடுத்துக்கொண்டதால்தான் இந்த வலி. அது வெறும் கார், தம்பி.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது.

சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்து, உன்னை விட்டுப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் நினைவு வந்தது, சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டது. தடவித் தடவி ஊர் ஊராக நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் போய், கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து வந்த பதில், "உளோம் போகீர்." இருக்கிறோம், நீர் போம். கையில் ஊன்றிக்கொள்ள ஒரு கோல் மட்டும் கிடைத்தது. கண்ணைக் கேட்டவருக்குக் கோல்! இந்த இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும். எத்தனை தடவை நாம் கேட்டதற்கு அந்தப் பதில்தான் வந்திருக்கிறது. இருக்கிறேன், போ.

காஞ்சியில் ஒரு கண் வந்தது. அப்புறம் திருவாரூர் வந்து சேர்ந்து பாடியதுதான் "மீளா அடிமை" என்று தொடங்கும் பதிகம். முதல் பாட்டை முழுதாகத் தருகிறேன்.

"மீளா அடிமை உமக்கே ஆளாய்ப் பிறரை வேண்டாதே
மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங் கிருப்பீர் திருவா ரூரீர் வாழ்ந்து போதீரே."

உமக்கே மீளாத அடிமையாகி, வேறு யாரையும் நாடாமல், வெளியே மூளாத தீ உள்ளே கனல்வது போல வெந்து, முகம் வாடிப்போன அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால், நீர் சும்மா இருக்கிறீர். நல்லது, நீர் நன்றாக வாழ்ந்து போம். இன்றைக்கு நாம் மனம் வெறுத்து, "நல்லா இருங்க சாமி, நீங்களாவது நல்லா இருங்க" என்று சொல்கிறோமே, அதே தொனி. அடுத்த பாட்டில் இன்னும் போகிறார். "குற்றம் ஒன்றும் செய்ததில்லை", "எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர் நீரே பழிப்பட்டீர்" என்கிறார். சத்தியம் தவறியவர்தான், ஆனாலும் வலியில் இருக்கிறவன் வாயில் இப்படித்தான் வரும் என்பதால் அதையும் திருமுறையில் வைத்து நம் பெரியவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். தேவாரத்தில் செந்துருத்திப் பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றுதான். மற்ற பதிகங்களில் கடைசிப் பாட்டில் பெரும்பாலும், இதைப் பாடுகிறவர்களுக்கு இன்ன பலன் என்று வரும். இதில் அது வராது. கடைசிப் பாட்டிலும், ஊரறிய என் கண்ணைப் பறித்தீர், பழி உமக்குத்தான் என்றுதான் நிற்கிறது.

"மூளாத் தீப்போல் உள்ளே கனன்று" என்ற வரியைப் படித்துவிட்டு, ஆறு மாதமாக விளக்கேற்றாத உங்கள் பூஜை அறையை நினைத்துப் பாருங்கள். உங்களுக்காக எழுதின மாதிரி இல்லையா?

இதே பாட்டை, படிப்பறிவே இல்லாத ஒரு வாய் பாடியதை நான் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். என் அப்பாயி. ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் குளுவாங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். 1943இல் தாத்தாவைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, அந்த வருடம் அக்டோபரிலேயே போட்டு முடித்தார்கள். மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கில் போன தமிழர்களில் திரும்பாத பலரில் தாத்தாவும் ஒருவர். பெயர்ப் பட்டியல் எழுதிக் கொடுத்த கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, தன் தம்பி, மச்சான் யார் பெயரையும் எழுதவில்லை. போர் முடிந்த பிறகு கடை வைத்தான், நிலம் வாங்கினான், நன்றாக இருந்தான். அப்பாயி இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து ஆளாக்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாயி பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பார். தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "உனக்குக் கண்ணு இருக்காடி ஆத்தா? வருசா வருசம் கூழ் ஊத்துனேனே, குடிச்சியே, நன்றி இருக்கா? அந்தக் கிராணி வூட்டுல பால் பொங்குது, எம்புள்ளைங்க கஞ்சிக்கு நிக்குது, நீ வேப்பிலைய வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்க." புளிச்சாறு முழங்கை வரைக்கும் வழியும். விளக்கு பளபளவென்று ஆனதும் துடைத்து, திரி போட்டு, எண்ணெய் விட்டு, ஏற்றிவிட்டு விழுந்து கும்பிடுவார். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்கமாட்டார், கும்பிடாமல் போகவும் மாட்டார். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள், "சாமியத் திட்டாதீங்க ஆயா, ஆகாது" என்றார். அப்பாயி நிமிர்ந்து பார்த்து, "வேற யாரத் திட்டச் சொல்ற? வேற யாரு இருக்கா எனக்கு?" என்றார்.

"பிறரை வேண்டாதே" என்று சுந்தரர் பாடியதற்கு இதைவிட நல்ல உரையை நான் எங்கேயும் படிக்கவில்லை. நம்பிக்கை போனவன் திட்டமாட்டான், தம்பி. அவனுக்குத் திட்ட ஆள் இல்லை. நீங்கள் ஆறு மாதமாக முருகனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு நாளாவது அவனை நினைக்காமல் இருந்தீர்களா?

கிராணி விஷயத்தை முடித்துவிடுகிறேன், இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அப்பாயியும் காத்திருந்தார். அந்த மனிதன் எண்பது வயதுக்கு மேல், பேரப் பிள்ளைகள் சுற்றியிருக்க, தூக்கத்தில் போனான். தெய்வம் நின்று கொன்றதை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்க்கவில்லை. இந்தப் பிறவியோடு கணக்கு முடியவில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் "பொறுங்கள், அவன் ஒரு நாள் விழுவான், நீங்களே பார்ப்பீர்கள்" என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படிக் கொடுத்தால் உங்கள் பக்தி முழுவதும் அவன் விழுகிறானா இல்லையா என்பதில் போய்த் தொங்கும். அவன் நன்றாக இருக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் முருகன் தோற்றுக்கொண்டே இருப்பான். ஏமாற்றியவன் கையில் பணம் போனது போதும், அதையும் கொடுக்காதீர்கள்.

இப்போது என்னைப் பற்றி. டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாவது வருடம் நான்கு மாதம் நானும் விளக்கு ஏற்றவில்லை. என் கணவரின் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருந்தார்கள். உங்கள் மனைவிக்கும் இருக்கும். அதன்மேல் விரலை வைத்தால் பூனை உள்ளே உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், அதிர்வு இல்லையென்றால் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள் என்று தாதி சொல்லியிருந்தார். அவர் எழுவதற்கு முன்னால், இருட்டில், தோலின் மேல் இரண்டு விரலை வைத்துக் காத்திருப்பேன். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். உறுமல் விரலில் பட்டதும் என் வாயில் "சிவசிவ" என்று வந்துவிடும். விளக்கேற்றாத நான்கு மாதமும் வந்தது. கோபத்தில் ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்து பார்த்தேன். உள்ளே சொல்லிவிட்டது. மீளா அடிமை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், விட்டுப் பார்த்தால் விடுபடவில்லை.

அவர் பிழைக்கவில்லை. ஏழாவது வருடம் போய்விட்டார். ஏன் என்று கேட்டேன், இன்றைக்கு வரை பதில் வரவில்லை. எனக்கும் கண்ணுக்குப் பதில் கோல்தான் கிடைத்தது. அந்தக் கோலை ஊன்றித்தான் நடக்கிறேன்.

இனி நடைமுறை. மருத்துவமனையில் மருத்துவ சமூக ஊழியர் இருப்பார். அவரைப் பார்த்து, மருத்துவச் செலவுக்கு அரசாங்கம் தருகிற மெடிஃபண்ட் உதவிக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். பலர் கூச்சப்பட்டுக் கேட்காமலே விடுகிறார்கள். கூட்டாளி விஷயத்தில் உங்களிடம் கணக்குத் தாள்கள் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், இலவச சட்ட ஆலோசனை தருகிற இடங்களும் இங்கே உண்டு. காலம் கடத்தாமல் போங்கள். கடவுளை நம்புகிறவன் வழக்குப் போடக்கூடாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. கண்ணகி அரண்மனை வாசலுக்குப் போய் நியாயம் கேட்டவள்தானே.

காவடி பற்றிக் கேட்டீர்கள். தைப்பூசம் மனைவியின் டயாலிசிஸ் நாளில் விழுந்தால் அவரோடு போய் உட்காருங்கள், முருகனுக்கு வழி தெரியும். வேறு நாளில் விழுந்து, மனம் வந்தால், இந்த வருடம் ஒரு பால்குடம் எடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம். பதினோரு வருடம் கட்டினேன், இது பன்னிரண்டாவது தவணை, இதற்காவது பலன் வரட்டும் என்று எடுக்காதீர்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் நடக்க நேரம் இருக்கிறது. மனதில் இருப்பதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே நடங்கள், திட்ட வேண்டும் என்றால் திட்டிக்கொண்டே நடங்கள். கூட்டத்தில் யாருக்கும் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வகுப்பில் இப்போது "மீளா அடிமை"தான் நடக்கிறது. "வாழ்ந்து போதீரே" என்ற இடத்தில் பிள்ளைகள் ராகத்தைச் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள், அந்தத் தொனி மட்டும் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி வரும், வரவும் வேண்டாம். நீங்கள் ஒரு வாரம் வந்து எங்களோடு உட்காருங்கள். வாய் திறந்தால் பாடுங்கள், இல்லையென்றால் கேட்டுக்கொண்டிருங்கள். மனைவியையும் அழைத்து வாருங்கள், ஞாயிறு அவருக்கு ஊசி இல்லாத நாள்தானே. அவருக்குக் குடிக்கிற தண்ணீர் அளவு எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சின்ன டம்ளர் எடுத்து வைக்கிறேன்.